ஸ்டிக்கர் ஒட்டிய நாற்காலி

கமோட் நாற்காலியைக் கழுவுவதில் எனக்கு ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் சொல்லப் போவதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்த கதைதான். நாற்காலியால் வந்த குமட்டல் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் பி பிளாக் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், ஓர் அறை உண்டு. சாமான் ரூம் என்போம். சக்கர நாற்காலி, வாக்கர், கழிப்பறை வரை போக முடியாதவர்களுக்குக் கமோட் நாற்காலி, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை, எல்லாம் அங்கே இருக்கும். யார் வீட்டில் தேவையோ அவர்கள் வந்து எடுத்துப் போகலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். வேலை முடிவது என்றால் இரண்டே வழிதான். ஒன்று, ஆள் எழுந்து நடந்திருப்பார். இல்லையென்றால், ஆளே இருக்க மாட்டார்.

அதனால் அந்த ரூமுக்கு நான் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். சாமான் திரும்பி வந்தால் கேள்வி கேட்கக் கூடாது. "இப்ப எப்படி இருக்காங்க?" என்ற பேச்சே கூடாது. வாங்கி உள்ளே வை, உட்காரச் சொல், தண்ணீர் கொடு. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். சிலர் கொட்டித் தீர்ப்பார்கள். சிலர் மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். அவர்கள் போன பிறகு நான் பிரஷ்ஷை எடுப்பேன். கழுவி, மருந்து போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, சக்கரத்து பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து உள்ளே வைத்தால் வேலை முடிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் மருமகளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்று மகன் போன் செய்தான். அவனுக்கு ஷிப்ட் வேலை. குழந்தைக்கு இன்னும் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. மருமகள் போனை வாங்கி, "நீங்க அலைய வேண்டாம் அத்தை, நாங்க சமாளிச்சுக்குவோம்" என்றாள். அந்தச் 'சமாளிச்சுக்குவோம்' சொல்லும்போதே குரல் உடைந்தது. "நீ சமாளிக்கிற லட்சணம் இங்க வரைக்கும் கேக்குது. வாய மூடிட்டுப் படு, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன். போனால் எப்போது திரும்புவேன் என்று தெரியாது. அங்கேயே இருந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை.

ஆக, என் தலையில் இருந்ததையெல்லாம் இறக்கி வைக்க வேண்டும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை சி பிளாக் புருஷன் பெண்டாட்டி வாங்கிக்கொண்டார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீ ஊற்றினாயா என்று கேட்க மாட்டாமல் இருவருமே ஊற்றுகிறார்கள். செடிகளுக்குக் கொண்டாட்டம்.

என்னிடம் இருந்த குடியிருப்புச் சங்கத்துத் துணைத் தலைவர் பதவிதான் வில்லங்கம். அதோடு சேர்ந்துதான் சாமான் ரூம் சாவியும் வரும். கூட்டத்தில், "யார் எடுத்துக்கறீங்க?" என்று கேட்டேன். அத்தனை பேருக்கும் அந்த நிமிஷம் பார்த்து போனில் அவசர வேலை வந்துவிட்டது. குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தது ஒரே தலைதான். மைக்.

மைக் என்பது நாங்கள் வைத்த பெயர். வீட்டு வரி ஆலோசகர் அவர். யார் வீட்டு விசேஷமானாலும், கையில் மைக் கிடைத்துவிட்டால் கரண்டு போனால்தான் விடுவார். நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றதும் அவர் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்த கை முகத்தை விட்டு இறங்குவதற்குள், "சாவி எத்தனக்கா இருக்கு? உங்ககிட்ட இருக்கறது ஒண்ணுதானா?" என்றார்.

அவரை ரூமுக்குக் கூட்டிப்போனேன். வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. உள்ளே நுழைந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"என்ன தம்பி, எல்லாம் கழுவிக் காயவெச்சது. நாத்தம் எங்க இருக்கு?"

"நாத்தம் இல்லக்கா. ஆனா மனசுக்கு வருது."

"மனசுக்கு வந்தா மனசுல வெச்சுக்கோங்க, கைய நீட்டுங்க" என்று பிரஷ்ஷைக் கொடுத்தேன். செத்த பல்லியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்தார்.

"இதெல்லாம் யாருக்கா செய்யறா?"

"நான்தான்."

"சீச்சீ, நீங்களா! இதுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்" என்றார். பிறகு பிரஷ்ஷை ஜன்னலில் வைத்துவிட்டு, சுவர் ஓரமாகக் காலடி வைத்து அளக்க ஆரம்பித்தார். மேஜை இங்கே வரும், பெயர்ப் பலகை வாசலில் வரும், சாமான்களை அந்த மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள். சாவியைக் கொடுத்தேன். இன்னொரு சாவி என் முந்தானையில் இருந்தது. கிளம்பும்போது கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஏ பிளாக் கீழ் வீட்டில் டிரைவர் இருக்கிறார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் கிண்டல் குழறாது. ஆள் கதவு மாதிரி அகலம். அவர் மனைவி என் தோளுக்குக் கீழே நிற்பாள். ஒண்டியாக அவரை பாத்ரூமுக்கு நடத்த அவளால் ஆகாது. அவர்களிடம் இருந்த பழைய கமோட் நாற்காலியின் கால் வளைந்துவிட்டது. சக்கரமும் பிரேக்கும் வைத்த ஒரு நல்ல நாற்காலியை அவருக்கென்று எடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் மாடி டியூஷன் டீச்சர், தன் வீட்டுக்காரர் போன பிறகு ரூமுக்கே கொடுத்துவிட்ட நாற்காலி அது.

"அத விழாவுல வெச்சுக் குடுத்துடலாம்க்கா" என்றார் மைக். பொறுப்பு ஒப்படைப்பு விழாவாம்! எனக்குச் சால்வை, அவருக்கு மாலை.

"அது என்ன குத்துவிளக்கா தம்பி, மேடையில வெச்சுக் குடுக்க? வீட்டுல கொண்டு போய் வெச்சுட்டு வாங்க."

"சரிக்கா, நீங்க சொன்னா சரி" என்று தலையை ஆட்டினார். நம்பிவிட்டேன்.

விழா அன்று ஹாலுக்குள் நுழைகிறேன், முன் வரிசையில் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. என்னைப் பார்த்ததும் அவர் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க கூப்பிட்டீங்கன்னு சொன்னாங்கக்கா. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இவரைப் பாக்கணும்னு ஆசைப்பட்டீங்களாமே. காலையிலயிருந்து சட்டை எங்க, சட்டை எங்கன்னு ஒரே ரகளை."

நான் கூப்பிடவே இல்லை. என் பெயரைச் சொல்லித்தான் அந்த மனிதரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் மேடையில் திரையை இழுத்தார்கள். நடுவே அந்த நாற்காலி. ரிப்பன் கட்டியிருந்தது. சாய்மானத்தில் மைக்கின் முகம், பல்லெல்லாம் தெரியும் சிரிப்போடு, தாம்பாளம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். கீழே 'அன்பளிப்பு' என்று போட்டு அவர் பெயர், அவர் பட்டம், அவர் போன் நம்பர். உட்காரும் இடத்து மூடியிலும் அதே முகம்.

"சார், சும்மா ஒரே ஒரு தடவ உக்காருங்க. ஒரு போட்டோ!" என்று நான்கு பேராக டிரைவரைத் தூக்கினார்கள். வேண்டாம் என்று அவர் நல்ல கையை ஆட்டினார். கூட்டத்துக்கு அவர் கையசைக்கிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது. மேடைக்கு ஓடிப்போய் அதை இழுத்துவிட்டேன். "எறக்குங்க அவரை!" என்று நான் கத்தியதை மைக் மைக்கில் அமுக்கிவிட்டார். டிரைவர் என்னை நிமிர்ந்து பார்த்து, குழறிக் குழறி ஒன்று கேட்டார்.

"அக்கா, வந்திருக்கறவங்க... எல்லாரும்... டிக்கெட் வாங்கிட்டாங்களா?"

எப்போதும்போல நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை வாடை, வாசனைத் திரவிய வாடை, வெள்ளைச் சட்டைக்காரர்களின் வியர்வை வாடை எல்லாமாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. எனக்குப் போர்த்த வந்த சால்வையை நாற்காலி மேலேயே போட்டுவிட்டு, தூக்கி வந்தவர்களையே தூக்கச் சொல்லி அவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அவர் நல்ல கையால் சட்டையைக் கீழே இழுத்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே போட்டோ குரூப்பில் வந்தது. கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் குவிந்தன. கூட்டத்தில் போனை விட்டுத் தலை நிமிராத அத்தனை பேரும் அதே போனில் கைதட்டினார்கள். சீ!

மறுநாள் நான் ரூமில் என் பிரஷ், பக்கெட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். விழா முடிந்ததும் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்த அந்த நாற்காலியை டிரைவரின் மனைவி தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். சட்டம் சட்டம்தானே. நான் ஒன்றும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதத்தான்க்கா அவரு குடிக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

"எத?"

"தண்ணிய. குடிச்சாத்தானே போகணும், போனாத்தானே அந்த நாக்காலி வேணும், எனக்கு ரெண்டுமே வேணாம்னு வாய இறுக்கி மூடிட்டாரு. நேத்து விழாவுலயிருந்து ஒரு வாய் எறங்கல. பக்கெட்டு வெச்சுப் பாக்கலாம்னு தூக்கினேன், ரெண்டு பேரும் சேந்து விழுந்தோம்." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். சிராய்ப்பு. "கிட்னிக்கு ஆகாதுன்னு டாக்டர் அப்பவே சொல்லியிருக்காரு. நான் என்னக்கா பண்ணுவேன்?"

நேரே மைக் வீட்டுக்குப் போனேன். சோபாவில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்டிக்கரை எல்லாம் கிழிங்க தம்பி. போட்டோவ எடுங்க. போய் டிரைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க."

"என்னக்கா இது, நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே நாளைக்கு அஞ்சாவது ஆள் குடுப்பான்? நல்லதத்தானே பண்றோம்!"

"நீங்க என்ன குடுத்தீங்க? அது டியூஷன் டீச்சர் குடுத்தது."

"பெயின்ட் அடிச்சது நான்தானே?" என்றார், கொஞ்சமும் கூசாமல். "இதையெல்லாம் நீங்க பெருசு பண்றீங்க. இங்க பாருங்க, நல்ல விஷயமும் நடக்குது. கண்ணாடிக் கடைக்காரர் வாக்கரைத் திருப்பிக் குடுத்துட்டார். அவங்கப்பா எழுந்து நடந்துட்டார்! வாழ்த்து போட்டிருக்கேன், எத்தன லைக் பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். வாக்கரோடு மைக் நிற்கும் படம். சுற்றிலும் பலூன். 'குணமடைந்து வீடு திரும்பிய அப்பாவுக்கு வாழ்த்துகள்.'

கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் குடியிருப்பில்தான் இருக்கிறார்; வேறு ஊரில், அண்ணன் வீட்டில் இருந்த அப்பாவுக்காகத்தான் வாக்கரை வாங்கிப் போயிருந்தார். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. காலையில் பால் வாங்கும் இடத்தில் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார்.

"அவர் செத்துப் போயிட்டார்யா" என்றேன். எனக்கு 'தம்பி' வரவில்லை.

மைக் ஒரு கணம்தான் விழித்தார். "அப்படியா? அடடா. சரி விடுங்க, எடிட் பண்ணிடறேன்."

என் கண்ணெதிரிலேயே செய்தார். பலூனை எடுத்தார், கறுப்புப் பட்டை போட்டார், வாழ்த்துகளை அழித்துவிட்டு ஆழ்ந்த இரங்கல் என்று எழுதினார். படம் அதே படம். அவர் சிரிப்பும் அதே சிரிப்பு. "இப்ப ஓகேவாக்கா?" என்று என்னிடமே காட்டினார்.

வாசலுக்கு வந்து காறித் துப்பினேன். அவர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. விழட்டும்.

திரும்பி ரூமுக்கு வந்து விளக்கைப் போட்டேன். விழாவுக்காக நேற்று மைக் சாமான்கள்மேல் மறைப்பாகப் போட்டிருந்த துணியை விலக்கினால், சக்கர நாற்காலியில் மைக், வாக்கரில் மைக், மெத்தைப் பெட்டியில் மைக், அடுக்கி வைத்த மூடிகளில் எல்லாம் மைக். அறை நிறைய ஒரே ஆள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் நான் அந்த அறையில் மூக்கைப் பொத்தியதில்லை. அன்றைக்குப் பொத்தினேன்.

இவர் கையில் சாவி இருக்கும்வரை டிரைவருக்கு நாற்காலி போய்ச் சேராது. டிரைவருக்கு மட்டுமா? உடம்பு முடியாத ஒருத்தரும் இனிமேல் இந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். யாரிடம் சொல்லி நியாயம் கேட்பது? போனுக்குள் தலையை விட்டவர்களிடமா? யோசித்துக்கொண்டே நின்றேன். ஒன்று மட்டும் தெரிந்தது. அவர் கேட்டது சாவியும் அறையும் பதவியும்தான். சாமானை அவர் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் காலை, மைக் ஆபீஸுக்குப் போன பிறகு, கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கடையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றைக் கொண்டுவந்து ஸ்டிக்கர் சுரண்ட உட்கார்ந்துவிட்டார். வாக்கரில் இருந்ததைச் சுரண்டும்போது, "எங்கப்பாவுக்கு இவன யாருன்னே தெரியாதுக்கா" என்றார். சக்கர நாற்காலிகளையும் வாக்கர்களையும் தன் கடையின் பின்கட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். "தொடச்சு வெக்கறது எனக்கு ஒரு வேலையா? நாள் பூரா தொடைக்கறதுதானே என் பொழப்பு."

மூன்றாம் மாடிக்கு ஏறி டியூஷன் டீச்சர் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் கதவை அரைவாசி மூடிக்கொண்டாள்.

"கமோட் சேர மறுபடி என் வீட்டுக்குள்ள பாக்க முடியாதுக்கா. கோச்சுக்காதீங்க."

"கோவம் என்னம்மா. சரி, வரேன்."

நான் நான்கு படி இறங்கியிருப்பேன். கதவு மறுபடி திறந்தது. "அக்கா, காத்து மெத்தை இருக்கா? அத வேணா குடுங்க. அதுல அவர் நல்லாத் தூங்கினார்."

இப்படியாக, சாமான் வாங்கிப்போய்ச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்த வீடுகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தோம். யாருக்குத் தேவையோ அவர்கள் அந்த வீட்டில் வாங்கிக்கொள்ளட்டும். பலகை வேண்டாம், விழா வேண்டாம். மதியத்துக்குள் அறை காலி. நானே பெருக்கித் துடைத்து, இரண்டாவது சாவியை மைக் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

கடைசியாக டிரைவர் வீடு. நாற்காலியை நானும் அவர் மனைவியுமாகத் தள்ளிப்போனோம். ஸ்டிக்கர் போன பிறகும் பசை விடாமல் பிசுபிசுத்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தார் மனிதர். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் உங்களக் கூப்பிடல" என்றேன். "என் பேரைச் சொல்லி ஏமாத்தியிருக்காங்க. அத சொல்லத்தான் வந்தேன்."

மெல்லத் திரும்பினார். நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார்.

"மூடியில... அவன் மூஞ்சி... இருந்துச்சே?"

"சொரண்டியாச்சு."

"அடடா" என்றார் டிரைவர். "ஒரு வார்த்த... கேட்டிருக்கலாமே. அதுமேல... ஒரு தடவ... ஆசையா உக்காந்திருப்பேனே!"

அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று சரியாகச் சொல்ல முடியாத சத்தம். அவர் கையை நீட்டினார். நான் சொம்பை எடுத்துக் கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது, பாதி உள்ளே போனது. மறுபடி நீட்டினார்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் மைக் போன் செய்துவிட்டார்.

"அக்கா, ரூம் காலியா இருக்கு!"

"ஆமா, தொடச்சும் வெச்சிருக்கேன்."

"சாமானெல்லாம் எங்கக்கா?"

நான் பஸ் ஜன்னலைச் சாத்தினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வெல்லம் மாதிரி ஒரு குரல். "இல்ல, நான் நம்பலக்கா. ஆனா மருமகளுக்கு ஆபரேஷன், அதனால அக்கா எல்லாத்தையும் மூட்ட கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. எனக்கே சங்கடமா இருக்கு."

எல்லாரும் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? வாயெல்லாம் புளித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெயர் சுத்தமாகிவிடும். சொன்ன அடுத்த நிமிஷம் இவர் ஸ்டிக்கர் கட்டோடு டிரைவர் வீட்டு வாசலில் நிற்பார்.

"ஆமா, நான்தான் எடுத்துட்டுப் போறேன். இப்ப என்னங்கற?" என்று போனை வைத்தேன். பக்கத்து சீட்டுப் பெண் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மருமகளுக்கு முதுகைத் துடைத்துவிட்டுக் கொண்டிருந்தபோது டிரைவரின் மனைவி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, குரூப்புல உங்களத் திருடின்னு சொல்லாத குறையா எழுதறாங்க. நான் போய்ச் சொல்லிடட்டுமா? நாக்காலி எங்க வீட்டுலதான் இருக்குன்னு கத்திட்டு வரட்டுமா?"

"உன் சோலியப் பாரு. வாயத் தெறக்காத."

"உங்க பேரு கெடுதேக்கா!"

"கெடட்டும். அவரு தண்ணி குடிக்கறாரா?"

"அத ஏன் கேக்கறீங்க" என்றாள். "குடம் குடமாக் குடிக்கறாரு. காலையிலயிருந்து எனக்கு ஒக்கார நேரமில்ல. இருங்க, கூப்பிடறாரு."